சேவையகத்தில் வட்டு வகுத்தல்

விழா மலர் ஒன்று அச்சாகி வெளிவரும் நாளில் அதனைக் கையிற் பெறுவோர் பலர். ஐம்பது ஆண்டு கழித்து அதனைத் தேடுவோர் சிலர். தேடிக் கண்டெடுப்போர் மிகச் சிலரே. மலைநாட்டு ஈரமும் இராமபாணப் பூச்சியும் கறையானும் தாளுக்குப் பகை என்பதை வத்தேகமவில் வாழ்ந்தார்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின், கல்லூரிகளும் பழைய மாணவர் சங்கங்களும் தத்தம் மலர்களையும் நிழற்படங்களையும் இடாப்புகளையும் எண்ணிம வடிவிற் படியெடுத்து வைக்க முற்பட்டிருக்கின்றன. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் இவ்வாறு திரட்டி, எவரும் பொருட்செலவின்றிப் படிக்குமாறு வைத்திருத்தலை அன்பர் பலர் அறிவர்.

படியெடுக்கும் பணியைப் பற்றிப் பேசுவோர் பலர். அப்படிகள் சென்று தங்கும் இடத்தைப் பற்றிச் சிந்திப்போர் குறைவு. இக்கட்டுரையிற் கூறப்புகுவது அவ்விடத்தைப் பற்றியே. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் இயங்கும் சேவையகம் ஒன்றை நிறுவுமுன், அதன் வட்டை எத்தனை பகுதியாக வகுப்பது, எப்பகுதியை எங்கே பொருத்துவது என்பதே பொருள். கணினி கல்லாதார்க்கும் விளங்கும் அளவிற் கூற முயல்வோம், கற்றார் பொறுத்தருள்க. அடைவுகளின் ஆங்கிலப் பெயர்களை ஒலிப்படியே தமிழில் எழுதியுள்ளோம். கணினியில் இடும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தால் இடுதல் வேண்டும்.

மரமும் பொருத்துமிடமும்

வின்டோஸ் கணினியிற் பழகினோர், ‘சி’ என்றும் ‘டி’ என்றும் வட்டுப் பகுதிக்கு ஓர் எழுத்து இருத்தலை அறிவர். லினக்சில் அவ்வாறில்லை. அங்கே உள்ளது ஒரே மரம். அதன் தொடக்கம் வேர் எனப்படும். அதனைக் குறிப்பது வெறும் சாய்கோடு. அவ்வேரிலிருந்து அடைவுகள் கிளைக்கின்றன. அடைவுக்குள் அடைவும் கோப்பும் அடங்குகின்றன. சேவையகத்தில் இரண்டு வட்டு இருந்தாலும் இருபது வட்டு இருந்தாலும் பயனர் காண்பது அந்த ஒரு மரத்தையே. ஒரு வட்டுப் பகுதியிலுள்ள கோப்பு முறைமை, மரத்தின் ஏதேனும் ஓர் அடைவிற் கொண்டுவந்து இணைக்கப்படுகின்றது. இணைக்கும் செயல் பொருத்துதல். இணைக்கப்படும் அடைவு பொருத்துமிடம். இதனையே ‘மவுண்ட் பொயின்ட்’ என்பர்.

எமக்கு அண்மையில் உள்ளதோர் உவமையால் இதனை விளக்குவாம். 1880ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கண்டி - மாத்தளை இருப்புப்பாதை எமதூர் வழியே செல்கின்றது. அப்பாதை பேராதனைச் சந்தியிலே தலைமைப் பாதையோடு இணைகின்றது. வத்தேகமவிற் சீட்டு வாங்கிக் கொழும்புக்குச் செல்பவர், கிளைப்பாதை எங்கே முடிந்தது, தலைமைப்பாதை எங்கே தொடங்கிற்று என்று எண்ணுவதில்லை. அவருக்கு அது ஒரே பயணம். சந்தியின் பணி அவர் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடுகின்றது. பொருத்துமிடமும் இத்தகையதே. சந்தியில் இணைப்பு அறுந்தால் நேர்வது யாது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இம்முறை லினக்சுக்கு முற்பட்டது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போர் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையிலிருந்து வந்தது. அவ்விருவரும் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், தம் கணினியின் வேர் ஒரு சிறிய வட்டிலும், பயனரின் கோப்புகள் வேறொரு பெரிய வட்டிலும் இருத்தலையும், கணினி தொடங்கும்போது பின்னது முன்னதிற் பொருத்தப்படுதலையும் விளக்கியுள்ளனர். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சை வெளியிட்டபொழுது இந்த மர அமைப்பே அதற்கும் வாய்த்தது. எந்த அடைவில் எதனை வைத்தல் வேண்டும் என்னும் நியமம் 1994இல் முதன்முதல் வகுக்கப்பெற்று, 2015இல் மூன்றாம் பதிப்பைக் கண்டது.

வகுப்பதனால் ஆகும் நன்மை

முழு வட்டையும் வகுக்காது ஒரே பகுதியாக விட்டால் என்ன என்று வினவலாம். வீட்டுக் கணினிக்கு அது போதும். சேவையகத்தின் நிலை வேறு. அங்கே மாந்தர் உறங்கும் நேரத்திலும் எழுதிக்கொண்டே இருக்கும் நிரல்கள் பல உள. அவற்றுள் ஒன்று வரம்பு கடந்து எழுதினால் வட்டு நிரம்பும். வட்டு ஒன்றே பகுதியாயின் எல்லாம் ஒருங்கே நிற்கும்: தரவுத்தளம் புதிய பதிவை ஏற்காது, மின்னஞ்சல் வந்து சேராது, பழுதைத் திருத்த வந்தவர் எழுதும் குறிப்பையும் சேமிக்க இடமிராது. பகுதிகள் பிரிந்திருப்பின், நிரம்பியது ஒரு பகுதி மட்டுமே. ஏனையவை தத்தம் தொழிலைச் செய்துகொண்டிருக்கும்.

எனினும், சுவர் எழுப்புவதில் இழப்பும் உண்டு. பன்வில, மடுல்கலைப் பக்கத்துத் தோட்ட லயங்களை எம்மிற் பலர் அறிவர். சிலர் அங்கேயே பிறந்து வளர்ந்தோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என அளந்து கட்டிய காம்பிரா. இருவர் இருந்தாலும் எண்மர் இருந்தாலும் அதன் சுவர் நகர்ந்ததில்லை. பக்கத்துக் காம்பிரா வெறுமையாய்ப் பூட்டிக் கிடந்தபோதும், இப்பக்கத்துப் பிள்ளை இஸ்தோப்பிலேதான் பாய் விரித்தான். வட்டை முன்பின் எண்ணாது துண்டு துண்டாக வெட்டுவோர் தம் சேவையகத்தில் இத்தகைய லயத்தையே கட்டுகின்றனர். ஒரு பகுதியில் இருநூறு கிகாபைட்டு வெறுமையாய்க் கிடக்க, மற்றொரு பகுதி இடமின்றி நின்றுபோகும்.

ஆதலின், சுவரும் வேண்டும். அச்சுவர் நகரவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவதே வட்டு வகுத்தலின் கலை.

கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

ஓர் அடைவைத் தனிப்பகுதியாகப் பிரிக்கலாமா என்று துணியுமுன் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். முதலாவது: இது வளருமா, வளர்ந்தால் எவ்வளவு விரைவில்? இரண்டாவது: இதில் எழுதுபவர் யார்? தலைமைப் பயனரா, ஒரு நிரலா, மாணவர் எவருமா? மூன்றாவது: இது அழிந்தால் எங்கிருந்து மீட்பது? மூன்று வினாவுக்கும் ஒரே விடை தரும் அடைவுகள் ஓரிடத்தில் இருக்கலாம். விடை வேறுபடுமாயின் சுவர் வேண்டும்.

இவ்வினாக்களைக் கொண்டு முக்கியமான அடைவுகளை நோக்குவோம்.

‘/யுஎஸ்ஆர்’ என்பது நிரல்கள் தங்கும் இடம். அது மெல்ல வளரும். தலைமைப் பயனரே எழுதுவார். அழிந்தால் நிறுவு வட்டிலிருந்து மீண்டும் பெறலாம். முற்காலத்தில் இதனைத் தனியே பிரித்தனர். இன்றோ, கணினி தொடங்குவதற்கு வேண்டிய நிரல்களே இதனுள் வந்துவிட்டமையால், வேரோடு சேர்த்து வைத்தலே முறை. அமைப்புக் குறிப்புகள் தங்கும் ‘/இடிசி’ என்னும் அடைவும் வேரிலேயே இருத்தல் வேண்டும்; பிறவற்றை எங்கே பொருத்துவது என்னும் பட்டியலே அதனுள் இருக்கின்றதன்றோ!

‘/பூட்’ என்பது கெர்னல் என்னும் கருவைத் தாங்கும் இடம். சிறிதாயினும் அடிக்கடி நிரம்புவது. புதுப்பித்தல் நிகழுந்தோறும் புதிய கரு வந்து சேர, பழையன நீங்காது கிடத்தலே காரணம். ஒரு கிகாபைட்டு ஒதுக்கிப் பழையனவற்றைக் காலந்தோறும் நீக்குதல் நன்று.

‘/வார்’ என்பது மாறுவன எல்லாம் தங்கும் இடம். தரவுத்தளம், மின்னஞ்சல் வரிசை, நிரல் நிறுவியின் சேமிப்பு ஆகியன பெரும்பாலும் இதனுள் அடங்கும். மூன்று வினாவுக்கும் அச்சந்தரும் விடையே இதற்குக் கிடைக்கின்றது. விரைந்து வளரும், நிரல்கள் எழுதும், அதிலுள்ள தரவுத்தளம் அழிந்தால் வேறெங்கும் கிடையாது. சேவையகத்தில் ஒரே ஒரு சுவர்தான் எழுப்பலாம் என்று எவரேனும் எம்மைக் கட்டுப்படுத்தினால், அதனை இங்கேயே எழுப்புவோம். இதனுள்ளும் ‘/வார்/லொக்’ என்னும் பதிவேட்டு அடைவைத் தனியே பிரித்தல் சிறப்பு. ஒரு நிரல் பழுதுற்று ஒரே பிழையை நொடிக்கு ஆயிரம் முறை பதிவேட்டில் எழுதினும், தரவுத்தளத்துக்கு இடையூறு நேராது.

‘/டிஎம்பி’ என்பது தற்காலிகக் கோப்புகளின் இடம். இதில் எவரும் எழுதலாம் என்பதே இதன் ஆபத்து. 2025இல் வெளிவந்த டெபியன் 13, புதிதாக நிறுவும்போது இதனை வட்டில் வையாது நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளுகின்றது. அவ்வாறன்றி வட்டில் வைப்போர் தனிப்பகுதியாக வைத்தல் நன்று.

‘/ஹோம்’ என்பது பயனரின் வீடுகள். மாணவர்க்குக் கணக்குத் திறந்து கொடுத்தால், ஒருவன் பாடக்குறிப்பை வைப்பான். மற்றொருவன் திரைப்படத்தை வைப்பான். ஆதலின் தனிச்சுவரும், ஆளுக்கு இவ்வளவு என்னும் ஒதுக்கீடும் இன்றியமையாதன.

‘/எஸ்ஆர்வி’ என்பது அச்சேவையகம் உலகுக்கு வழங்கும் பொருள்கள் தங்கும் இடமென நியமம் கூறும். எமது மலர்களும் நிழற்படங்களும் இங்கேயே தங்குதல் பொருந்தும்.

பிரித்தல் அளவு கடக்கலாகாது என்பதற்கும் ஒரு காரணம் கூறுவோம். ஒரே பகுதிக்குள் ஒரு கோப்பை ஓரடைவிலிருந்து மற்றோரடைவுக்கு நகர்த்தினால், பெயர் மட்டும் மாறுகின்றது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகின்றது. பகுதி விட்டுப் பகுதிக்கு நகர்த்தினாலோ, முழுக் கோப்பும் படியெடுக்கப்பட்டுப் பின்னர்ப் பழையது அழிக்கப்படுகின்றது. இடையில் மின்சாரம் நின்றால் அரைகுறைப் படி கிடக்கும். ஆகவே, ஒன்றோடொன்று ஓயாது கொடுக்கல் வாங்கல் செய்யும் அடைவுகளுக்கு இடையே காரணமின்றிச் சுவர் எழுப்பற்க.

அளவு கணித்தல்

இத்தனை கிகாபைட்டு போதும் என்று ஊகத்தாற் கூறுவது முறையன்று. கணித்தே கூறல் வேண்டும். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் படியெடுத்தால், அகலத்தில் 2,480 புள்ளியும் நீளத்தில் 3,508 புள்ளியும் அமையும். பெருக்க, ஏறக்குறைய 87 இலட்சம் புள்ளிகள். நிறப்படத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட்டு. எனவே, சுருக்காத நிலையில் ஒரு பக்கத்துக்கு 26 மெகாபைட்டு வேண்டும். நூறு பக்க மலர் ஒன்றுக்கு 2.6 கிகாபைட்டு, அத்தகைய மலர் ஐம்பதுக்கு 130 கிகாபைட்டு. படிப்போர்க்கு வழங்கும் சுருக்கிய படி இதிற் சிறு பங்கே ஆயினும், மூலப்படியைச் சுருக்காது வைத்தலே காப்பகத்தார் வழக்கம். நிழற்படமும் விழாக்களின் ஒளிப்பதிவும் சேர்ந்தால் தேவை பன்மடங்காகும்.

வட்டின் அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. விற்போர் 1,000இன் மடங்கால் அளக்கின்றனர். கணினியோ பெரும்பாலும் 1,024இன் மடங்கால் அளந்து காட்டுகின்றது. அதனால் 480 என்று பெட்டியில் எழுதிய வட்டு, கணினியில் 447 கிகாபைட்டாகவும், நான்கு டெராபைட்டு வட்டு 3,725 கிகாபைட்டாகவும் தோன்றும். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சினக்க வேண்டா.

480 கிகாபைட்டுத் திண்மநிலை வட்டு ஒன்றும், நான்கு டெராபைட்டு வன்வட்டு ஒன்றும் கொண்ட சேவையகம் ஒன்று கல்லூரிக்குக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். யாம் வகுக்கும் முறை வருமாறு. அளவுகள் கிகாபைட்டில் உள்ளன.

தொடக்கப் பகுதி (இஎப்ஐ) — 1
/பூட் — 1
வேர் — 40
/வார் — 60
/வார்/லொக் — 15
/டிஎம்பி — 10
/ஹோம் — 80
இடமாற்றுப் பகுதி (சுவாப்) — 8
எவர்க்கும் ஒதுக்காது வைத்தது — 232

இவை முதல் வட்டில். இரண்டாம் வட்டு முழுவதும் ‘/எஸ்ஆர்வி’க்கு உரியது, அதிலும் முதலில் முக்காற் பங்கையே கொடுத்துக் காற்பங்கை இருப்பில் வைப்போம்.

பட்டியலின் இறுதி வரியை மாணவர் ஊன்றி நோக்குவாராக. பாதிக்கு மேற்பட்ட இடம் எவர்க்கும் கொடுக்கப்படவில்லை. இது வீண் அன்று. நகரும் சுவர் என்று மேலே கூறியது இதனாலேயே கைகூடுகின்றது.

நகரும் சுவர்

லினக்சில் ‘எல்விஎம்’ எனப்படும் தருக்கக் கனவளவு முகாமை முறை ஒன்று உண்டு. வட்டுகளை எல்லாம் ஒரு பொதுக் குளமாகச் சேர்த்து, அக்குளத்திலிருந்து வேண்டிய அளவு முகந்து கொடுப்பது அது. ‘/வார்’ நிரம்பும் நிலைக்கு வந்தால், ஒதுக்காத இருப்பிலிருந்து இருபது கிகாபைட்டை அதற்குக் கூட்டலாம். சேவையகத்தை நிறுத்த வேண்டியதுமில்லை. தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் பங்கிட்டவருக்கு இவ்வசதி இல்லை. கூட்டுதல் எளிது, குறைத்தல் அரிது என்பதே இங்கு நினைவிற் கொள்ளத் தக்கது. ‘எக்ஸ்ட்4’ என்னும் கோப்பு முறைமையைக் குறைக்கலாம். ஆயின் கழற்றிவைத்தே குறைத்தல் வேண்டும். ‘எக்ஸ்எப்எஸ்’ முறைமையைக் குறைப்பது நடைமுறையில் இயலாது எனலாம். ஆதலின் சிறிதாகத் தொடங்கிப் பெருக்குவதே அறிவுடைமை.

‘எக்ஸ்ட்4’ பற்றி இரு செய்திகள். அது தன் இடத்தில் ஐந்து விழுக்காட்டைத் தலைமைப் பயனருக்கென ஒதுக்கிவைக்கும். வேருக்கு இது நன்மையே. நான்கு டெராபைட்டு வட்டிலோ அவ்வைந்து விழுக்காடு 186 கிகாபைட்டாகும். அங்கே அதனை ஒன்றாகக் குறைக்கலாம். மேலும், அது ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோட்’ என்னும் பதிவுச்சீட்டு ஒன்றைத் தருகின்றது. வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒரு சீட்டு வீதம், உருவாக்கும் போதே எண்ணிக்கை நிலைத்துவிடும். பத்துக் கிகாபைட்டுப் பகுதிக்கு 6,55,360 சீட்டுகள். மிகச் சிறிய கோப்புகள் இலட்சக்கணக்கிற் சேர்ந்தால், இடம் மிகுந்திருந்தும் சீட்டுத் தீர்ந்துவிடும். கணினி ‘இடமில்லை’ என்றே கூறும். இடத்தைக் காட்டும் ‘டிஎப்’ கட்டளையோடு ‘ஐ’ என்னும் குறியையும் சேர்த்து இட்டுப் பார்ப்பவரே இதன் காரணத்தை அறிவர்.

பொருத்துமிடம் வெறுமையானால்

எப்பகுதியை எங்கே பொருத்துவது என்னும் பட்டியல் ‘/இடிசி/எப்எஸ்டாப்’ என்னும் கோப்பில் உள்ளது. ஒரு வரியில் ஆறு செய்திகள்: எந்த வட்டுப் பகுதி, எங்கே, எவ்வகைக் கோப்பு முறைமை, எத்தகைய நிபந்தனைகள், பழைய படியெடுப்பு நிரலுக்குரிய குறி, தொடங்கும்போது சோதிக்கும் வரிசை. நிபந்தனைகளால் நாம் காவலும் இடலாம். ‘/டிஎம்பி’யில் உள்ள எதனையும் நிரலாக இயக்கக் கூடாது, ‘/ஹோம்’ அடைவில் எவரும் தலைமைப் பயனரின் அதிகாரத்தைப் பெறும் நிரலை வைக்கக் கூடாது என்றெல்லாம் விதிக்கலாம். சுவர் உள்ள இடத்திலேயே இத்தகைய கதவும் பூட்டும் இட இயலும்.

இனி, எமக்கு நேர்ந்ததொன்றைக் கூறுவோம். யாம் கணினிப் பொறுப்பேற்றிருந்த அலுவலகம் ஒன்றில், நாள்தோறும் நள்ளிரவில் தரவுத்தளத்தின் காப்புப்பிரதி இரண்டாம் வட்டுக்குச் செல்லுமாறு அமைத்திருந்தோம். முதல் வட்டு முழுவதும் ஒரே பகுதி. பட்டியலில் இரண்டாம் வட்டை அதற்குக் கணினி அன்று கொடுத்திருந்த பெயராற் குறித்திருந்தோம். அது கிடையாவிடினும் தொடங்குக என்னும் நிபந்தனையையும் சேர்த்திருந்தோம். 2022ஆம் ஆண்டு நாடெங்கும் மின்வெட்டு மிகுந்த காலம். மார்ச்சு 31ஆம் நாள் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. மின்கலம் தாங்கவில்லை. சேவையகம் பலமுறை நின்று பலமுறை தொடங்கிற்று. அவ்வாறு தொடங்கிய ஒரு நாள், இரண்டாம் வட்டுக்குக் கணினி வேறு பெயர் கொடுத்துவிட்டது. பட்டியலிலுள்ள பெயர் கிடைக்கவில்லை, வட்டுப் பொருத்தப்படவில்லை, யாம் இட்ட நிபந்தனையின்படி கணினி அமைதியாகத் தொடங்கிவிட்டது.

சந்தியில் இணைப்பு அறுந்தது என்று கொள்க. வண்டி வரவில்லை, ஆயின் சரக்கு இறக்குவோர் ஒவ்வோர் இரவும் மேடையில் இறக்கிக்கொண்டே இருந்தனர். பொருத்துமிடம் என்பது வெறும் அடைவாயும் இருத்தலின், காப்புப்பிரதிகள் அந்த அடைவிலேயே, அஃதாவது முதல் வட்டிலேயே, குவிந்தன. பதினோராம் நாட்காலை முதல் வட்டு நிரம்பித் தரவுத்தளம் நின்றது. இடம் தேடும் பதற்றத்தில் யாம், ‘காப்புப்பிரதிகள் இரண்டாம் வட்டிலும் இருக்குமே’ என்று எண்ணி, அப்பதினொரு பிரதிகளையும் அழித்தோம். இரண்டாம் வட்டு என்று யாம் எண்ணியதே அந்த அடைவுதான் என்பது அப்போது தோன்றவில்லை. இடம் தீர்ந்த கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அட்டவணை பழுதுற்றிருந்தது. வட்டைத் தேடிப் பொருத்திப் பார்த்தோம். அதிலிருந்த இறுதிப் பிரதி பதினொரு நாள் பழையது. எழுதுநர் மூவர் மூன்று வாரம் அமர்ந்து, தாட்பத்திரங்களைப் பார்த்துப் பதினொரு நாட் பதிவுகளையும் மீண்டும் இட்டனர். பிழை எம்முடையது, உழைப்பு அவர்களுடையது. அவருள் மூத்தவர் ஒருவர், “தம்பி, பெட்டிக்குப் பூட்டுப் போட்டீங்கள், பெட்டி இருக்கா எண்டு பார்க்கேல்லையே” என்றார். பாடநூல் எதிலும் இதனினும் தெளிவான வாக்கியத்தை யாம் கண்டதில்லை.

இதனாற் பெற்ற விதிகள் நான்கு. ஒன்று: பட்டியலில் வட்டை நாட்பெயராற் குறியாது, முப்பத்திரண்டு இலக்கமும் எழுத்தும் கொண்ட அதன் நிலையான அடையாளத்தாற் (யுயுஐடி) குறித்தல். இரண்டு: பொருத்துமுன், வெறும் அடைவில் எவரும் எழுத இயலாதவாறு அதனை மாற்றவொண்ணாததாகப் பூட்டிவைத்தல், ‘சிஎச்ஆட்டர்’ என்னும் கட்டளை இதனைச் செய்யும். மூன்று: காப்புப்பிரதி எடுக்கும் நிரல், வட்டு உண்மையிற் பொருத்தப்பட்டுள்ளதா என்று முதலிற் சோதித்து, இல்லையேல் எழுதாது மின்னஞ்சலில் முறையிடுதல். நான்கு: தரவுத்தளத்தை வேரிலிருந்து பிரித்தல். அந்த நான்காவது சுவர் ஒன்று இருந்திருப்பின், பதினோராம் நாள் நிரம்பியிருப்பது வேர் மட்டுமே, தரவுத்தளம் நின்றிராது, அட்டவணையும் பழுதுற்றிராது.

இதன் மறுபக்கத்தையும் அறிதல் நன்று. கோப்புகள் உள்ள அடைவு ஒன்றின்மீது வேறொரு பகுதியைப் பொருத்தினால், பழைய கோப்புகள் மறையும், அழியா. அவை கண்ணுக்குத் தோன்றாவிடினும் இடத்தை அடைத்துக்கொண்டே கிடக்கும். வட்டு நிரம்பியிருக்க, கணக்கிட்டால் கோப்புகள் குறைவாக இருக்குமாயின், பொருத்தியதைக் கழற்றி அடியிற் பார்த்தல் வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள்

தமிழ்ப் பொருள்களைச் சேமிப்போர் அறிய வேண்டியதொன்று உண்டு. ‘எக்ஸ்ட்4’, ‘எக்ஸ்எப்எஸ்’ ஆகிய இரண்டிலும் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழுக்கோ, யூனிகோட்டின் வழக்கமான யுடிஎப்-8 முறையில், உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பட்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு ஆகும். ‘வத்தேகம’ என்னும் சொல்லுக்கே 21 பைட்டு. எனவே எழுத்தும் குறியுமாக 85க்கு மேற்பட்ட பெயரை இட இயலாது. மேலும், ‘கொ’ என்பதன் குறியை ஒன்றாகவும் எழுதலாம். முன்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு வேறுபாடில்லை, லினக்சுக்கு அவை இரு வேறு கோப்புகள். ஆதலின், கோப்புக்கு ஆண்டும் எண்ணும் கொண்ட குறும்பெயரை இட்டு, மலரின் முழுத் தமிழ்ப் பெயரைத் தரவுத்தளத்தில் வைத்தலே தக்கது.

வகுத்தல் வேறு, காத்தல் வேறு

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வட்டை எவ்வளவு சிறப்பாக வகுப்பினும் அது காப்புப்பிரதி ஆகாது. சுவர் பல உள்ள வீடும் ஒரே தீயில் எரியும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் இருந்தன என்பதே இன்றும் ஆறாத துயர். அலுமாரிகள் ஒழுங்காக இல்லாமையால் அவை அழியவில்லை. மற்றொரு படி இல்லாமையால் மீளவில்லை. மூன்று படி, இரு வேறு வகைச் சாதனம், அவற்றுள் ஒன்று வேற்றூரில் என்பது இத்துறையினர் போற்றும் விதி. வத்தேகமவில் ஒன்று இருந்தால் கொழும்பிலோ கடல் கடந்த பழைய மாணவர் ஒருவரிடமோ மற்றொன்று இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்படியைத் திறந்து பார்த்தலும் வேண்டும். திறந்து பாராத படி, படி உண்டென்னும் நம்பிக்கை மட்டுமே.

எனின், வகுத்தலின் பயன் யாது? எதனைக் காத்தல் வேண்டும், எது போனாலும் மீளும் என்பதை அது நம்மை முன்கூட்டியே எண்ண வைக்கின்றது. ‘/எஸ்ஆர்வி’ முழுவதையும் படியெடுக்க, ‘/வார்’ அடைவில் தரவுத்தளத்தை நாள்தோறும் படியெடுக்க, ‘/இடிசி’யை மறவற்க, ‘/யுஎஸ்ஆர்’, ‘/டிஎம்பி’ இரண்டையும் விட்டுவிடுக. மூன்று வினாக்களுக்கும் விடை கண்டவர்க்கு இப்பட்டியல் தானே அமைந்துவிடும்.

சேவையகம் நிறுவும் நாளில், வட்டு வகுக்கும் திரை முன் தோன்றும். ‘முழு வட்டையும் பயன்படுத்துக’ என்னும் எளிய வழியையும் அது காட்டும். மாணவர் அந்த விசையை அழுத்துமுன் ஒரு தாளை எடுத்து மரத்தை வரைந்து, ஒவ்வொரு கிளைக்கும் மூன்று வினாக்களையும் கேட்டு, அளவைக் கணித்து எழுதுவாராக. அரை மணி நேரம் செல்லும். வரைந்த தாளை அழியாது வைத்து, தமக்குப் பின் பொறுப்பேற்பவர் கையிற் கொடுப்பாராக. இம்மலரின் ஒரு படி ஐம்பது ஆண்டின் பின்னும் எவரோ ஒருவர் திரையில் விரியுமாயின், அத்தாளுக்கும் அதிற் பங்குண்டு.